கல்வி பெறத் தகுதியற்றவள் என்று நான் எழுதினேன்

எனக்கு முப்பத்து மூன்று வயதாக இருந்தபோது, காது கேளாத ஒரு பிள்ளையிடம் அதன் பெயரை எட்டுத் தரம் கேட்டேன். ஒவ்வொரு தரமும் முந்தியதைவிட உரத்துக் கேட்டேன். எட்டாவது தரம், பக்கத்து வளவில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கிழவர் பயந்துபோய்த் தன்னுடைய பெயரைச் சொன்னார். பிள்ளை சொல்லவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு சிரித்தது.

“அது கதையாது ஐயா” என்றார் கிழவர்.

“ஏன் கதையாது?”

“அது அப்பிடித்தான்.”

‘அப்பிடித்தான்’ என்பதை நான் ஒரு வைத்தியச் சான்றிதழாக எடுத்துக்கொண்டேன். கந்தோருக்குத் திரும்பி வந்து, நல்ல நீல மையில், அழகான கையெழுத்தில் எழுதினேன்: “அழைத்தால் பதிலில்லை. காரணமின்றிச் சிரிக்கிறாள். கல்வி பெறத் தகுதியற்றவள்.”

சிரிக்கக் காரணம் இருந்தது. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கச் சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடும் ஒரு மனிதனை எட்டுத் தரம் பார்த்தால் நானும் சிரித்திருப்பேன். அவளுக்குத் தெரிந்தது அந்த மனிதன் மட்டும்தான். சத்தம் எனக்கும் கிழவருக்கும் மட்டுமே சொந்தம்.

இதை இருபது வருஷத்துக்கு மேலாக யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். போன மாதம் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு இளம் மிஸ் லிங்கநகரிலுள்ள என் வீட்டுக்கு வந்து அதைக் கிளறிவிட்டார்.

“ஐயா, பட்டினத்தில ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்திலயே காது கேளாத பிள்ளையளுக்கு ஒரு வகுப்புத் தொடங்கப் போறம். பழைய ஆக்கள் அந்த நாளையில என்ன செய்தவை எண்டு எழுதித் தந்தால் எங்களுக்கு உதவியா இருக்கும்.”

“நாங்கள் ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை.”

“அதையெண்டாலும் எழுதித் தாங்கோவன்.”

அவர் பகிடியாகச் சொன்னாரோ தெரியாது. நான் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு எழுதச் சொல்வது, தாகமுள்ள மாட்டைக் குளக்கரையில் அவிழ்த்து விடுவது போல.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருஷம் புத்தகம் படித்தேன். பிறகு மூன்று வருஷம் படிப்பித்தேன். என் வகுப்பில் பிள்ளைகள் இருக்கப் பிரியப்படவில்லை என்பதைக் கண்ட மேலிடம், பிள்ளைகளை வகுப்புக்குப் பிடித்து வரும் வேலைக்கு என்னை மாற்றியது. உத்தியோகப் பெயர் வரவு உத்தியோகத்தர். சனங்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடப் பொலிஸ்.

வேலை இதுதான். பள்ளிக்கூட வயது வந்தும் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளின் பட்டியல் கையில் இருக்கும். வீட்டுக்குப் போக வேண்டும். பெற்றோருக்கு முதலாம் அறிவித்தல், பிறகு இரண்டாம் அறிவித்தல், மூன்றாவதாகக் கோட்டில் வழக்கு. இறக்கக்கண்டி ஊரில் என் குடை தெரிந்தவுடன் பிள்ளைகள் எல்லாம் தோணியில் ஏறிவிடுவார்கள். புல்மோட்டைக்குப் போகும் மணல் பாதையில் சைக்கிள் என்னைச் சுமந்ததைவிட நான் சைக்கிளைச் சுமந்ததுதான் அதிகம். இப்படி அலைந்தும் பட்டியல் குறையாது. குறைக்க ஒரு குறுக்கு வழி இருந்தது. அது விலக்குப் பட்டியல். நோயாளிப் பிள்ளை, நடக்க ஏலாத பிள்ளை, ‘தகுதியற்ற’ பிள்ளை ஆகியோரின் பெயர்களை அதற்கு மாற்றிவிட்டால் பிறகு அந்த வீட்டுக்குப் போகத் தேவையில்லை. கணக்கும் அழகாக இருக்கும். அந்த மாதம் என் கணக்கு அழகாக இருந்தது.

அந்தப் பிள்ளையின் பெயர் ஸ்டெல்லா. உட்துறைமுகக் கரையில் ஓலை வீடு. தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் பிலோமினா, கடகத்தில் மீன் கொண்டுபோய்ப் பட்டினத்தில் விற்கிறவர். நான் போன அன்றைக்கு இருவரும் வீட்டில் இல்லை. ஆகவே நான் எழுதியது இரண்டு வருஷத்துக்கு அவர்களுக்குத் தெரியாது.

வெள்ளைக்காரர் துறைமுகத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. ஒரு கார்த்திகை மழை நாளில் கந்தோருக்குள் முதலில் மீன் வாசம் வந்தது. அதன் பின்னால் பிலோமினா வந்தார். அவர் கையில் எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய ஒரு பத்திரம். இடுப்போடு ஒட்டிக்கொண்டு ஸ்டெல்லா.

“ஆர் அந்த வரவு ஐயா?”

“நான்தான். என்ன வேணும் உமக்கு?” நான் ‘நீர்’ போட்டுக் கதைத்த காலம் அது.

“என்ர பிள்ளைக்கு மூளையில்லை எண்டு எழுதினது நீங்களோ?”

“அப்படி எழுதேல்லை. கல்வி பெறத் தகுதியற்றவள் எண்டுதான்…”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் ஐயா? படிச்ச நீங்கள்தான் சொல்லவேணும்.”

நான் படித்தவன். எனக்கும் தெரியவில்லை.

விஷயம் இப்படி நடந்திருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்குத்தர் பிள்ளையைச் சோதித்து, காது கேளாது, மற்றபடி ஒரு குறையுமில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். யாழ்ப்பாணப் பக்கத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கென்றே விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்று மாதா கோயில் பங்குச் சாமியார் சொல்லி, விண்ணப்பப் பத்திரமும் எடுத்துக் கொடுத்திருந்தார். எட்டு வயது முடிந்த பிள்ளையை அங்கே எடுக்க மாட்டார்கள். ஸ்டெல்லாவுக்கு மாசியில் எட்டு முடிகிறது. தை மாதம் வகுப்புத் தொடங்குகிறது. மார்கழி இருபதுக்கு முன்னர் பத்திரம் அங்கே போய்ச் சேர வேண்டும். அதில் எங்கள் கல்வி அதிகாரி ஒப்பம் வைக்க வேண்டும். ஒப்பத்துக்காகக் கொண்டு வந்த இடத்தில் கிளாக்கர் விலக்குப் பட்டியலைப் புரட்டியிருக்கிறார். என் அழகான கையெழுத்து அங்கே காத்திருந்தது.

நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா என் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, குப்பைக் கூடையில் கிடந்த ஒரு கடிதவுறையைப் பிரித்து விரித்து, நிலத்தில் குந்தியிருந்து ஏதோ கீறினாள். எட்டிப் பார்த்தேன். என் தலைக்கு மேல் சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்து, ஒரு எழுத்து விடாமல் எழுதியிருந்தாள்: ‘அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது’. எழுத்தென்றால் என்ன என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்காத பிள்ளை. சுழி, கொம்பு, புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

“வள்ளத்திலயும் இப்பிடித்தான், எழுதியிருக்கிற பேரெல்லாம் மணலில கீறுவாள்” என்றார் பிலோமினா. “படிக்க இந்தத் தகுதி காணாதோ ஐயா?”

எங்கள் கல்வி அதிகாரி அம்பலவாணர் என்ற மனிதரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பியோனைக்கூட ‘நீங்கள்’ என்று அழைப்பவர். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அதனால்தான் எல்லோரும் அவருக்குப் பயந்தார்கள். கோவையைக் கொடுத்தால் கடைசித் தாளிலிருந்து முன்னோக்கி வாசிப்பார். “ஆக்கள் உண்மையைக் கடைசியிலதான் எழுதுவினம்” என்பார். பிடிக்காவிட்டால் ஏசமாட்டார். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். அந்தக் கேள்விக்குறி மெல்லியதாக, மாங்காய் பறிக்கும் கொக்கத்தடிபோல வளைந்து இருக்கும். எதற்குக் கேள்வி என்று சொல்லமாட்டார். அதை நாங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

பத்திரத்தை அவர் முன் வைத்தேன். கடைசியிலிருந்து வாசித்தார். டாக்குத்தர் கடிதத்தை வாசித்தார். பிறகு விலக்குப் பட்டியலில் நான் எழுதியதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு பிள்ளையைப் பற்றி ஒரே கந்தோரில ரெண்டு உண்மை இருக்க ஏலாது. எது எண்டு நீங்கள்தான் எழுதவேணும்.”

“டாக்குத்தரே எழுதியிருக்கிறார், சேர்.”

“டாக்குத்தர் எங்கட கந்தோர் ஆள் இல்லை. தகுதியில்லை எண்டு எழுதினது எங்கட ஆள்.”

அன்று பின்னேரமே விளக்கக் கடிதம் எழுதினேன். ‘அண்மையில் கிடைத்த புதிய தகவல்களின் பிரகாரம்’ என்று தொடங்கினேன். மறுநாள் திரும்பி வந்தது. ‘புதிய’ என்ற சொல்லுக்கு நேரே கேள்விக்குறி.

இரண்டாவது கடிதத்தில் பழியைக் கடற்காற்றின்மேல் போட்டேன். நான் விசாரித்த அன்று காற்று மிகப் பலமாக வீசியதால் பிள்ளையின் நிலையைச் சரிவரக் கணிக்க முடியாமற் போயிற்று என்று எழுதினேன். காற்றுக்கு நேரே கேள்விக்குறி.

மூன்றாவது கடிதத்தில்தான் என் வாசிப்பு முழுவதும் இறங்கியது. இரண்டு பக்கம். மனித அறிவின் எல்லைகள், புலன்களின் ஏமாற்று, அவசரத்தின் தீங்கு என்று விரித்துச் சென்று, இறுதியில் சொந்தமாக ஒரு வெண்பாவையும் செருகினேன். தளை தட்டாத வெண்பா. கந்தோரில் அப்படி ஒரு விளக்கக் கடிதம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அம்பலவாணர் அதைக் கீழிருந்து வாசித்திருக்கிறார். வெண்பாவின் நாலு அடிக்கும், அடிக்கொன்றாக, நாலு கேள்விக்குறி இருந்தன.

இவ்வளவு காலமும் பிலோமினா ஒவ்வொரு நாளும் மீன் விற்று முடித்துப் பிள்ளையோடு வந்து, கந்தோர் விறாந்தை வாங்கில் குந்திக்கொண்டிருந்தார். தபால் பகுதிக்காரர் மூக்கைப் பொத்தினார். டைப்பிஸ்ட் ஜன்னலைச் சாத்தினார். நான் வெளியே போகும்போதும் வரும்போதும் ஒரே கேள்வி.

“என்ன ஐயா, சரியோ?”

“நாளைக்கு.”

“உங்கட நாளைக்கு எத்தினை நாள் நீளம்?”

மார்கழி பதினைந்து ஆயிற்று. அன்று வழக்கமான கேள்வியைக் கேட்காமல் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “ஐயா, உங்கட பெரியவர் என்னத்தைத்தான் எழுதச் சொல்லுறார்?” என்றார்.

“அதைத்தான் சொல்லுறாரில்லை.”

“இதிலென்ன மினக்கேடு? பிழை விட்டிட்டன் எண்டு எழுதுங்கோவன். நாங்கள் பழுதான மீனைத் தெரியாமல் வித்துப்போட்டால் மாத்திக் குடுக்கிறேல்லையோ? அதுக்கு ரெண்டு பக்கம் கடிதமோ எழுதுறம்?”

மீன்காரிக்குத் தெரிந்தது வெண்பாக்காரனுக்குத் தெரியாமல் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். ஆனால் அடுத்த தரத்துக்கு உயர்வு எனக்கு அந்த வருஷம்தான் வர இருந்தது. ‘நான் பிழை விட்டேன்’ என்று ஒரு உத்தியோகத்தன் தன் கையால் எழுதிக் கொடுத்தால் அது அவனுடைய சொந்தக் கோவைக்குப் போகும். அங்கிருந்து திரும்பி வராது. அந்த இரண்டு பக்கமும் பிள்ளைக்காக எழுதப்பட்டவை அல்ல.

அன்று பின்னேரம் ஒரு முழுத்தாளை எடுத்தேன். நடுவில் எழுதினேன்: “நான் பிழையாக எழுதினேன். பிள்ளைக்குக் காது கேளாது. அறிவில் குறையில்லை.” ஒப்பம் வைத்தேன். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்பலவாணர் கீழிருந்து மேலே வாசித்தார். வாசிக்க அதிகமில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். விண்ணப்பத்தில் ஒப்பம் வைத்தார். விலக்குப் பட்டியலில் என் வரியைச் சிவப்பு மையால் வெட்டிப் பக்கத்தில் தன் சுருக்கொப்பம் வைத்தார். பிறகு என் தாளை மடித்து வேறொரு கோவையில் போட்டார். அதன் முதுகில் என் பெயர் இருந்தது.

“இதை உங்கட கோவையில போடத்தான் வேணும்” என்றார்.

“ஓம் சேர்.”

“வெண்பாவைப் போடேல்லை. அது உங்களுக்குக் கூடாது.”

அந்த மனிதர் என் உயர்வை மூன்று வருஷம் தள்ளிப்போட்டார். இப்போது ஏதாவது எழுதி முடித்தால் கடைசி வரியிலிருந்து திருப்பி வாசித்துப் பார்க்கிறேன். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி விழாதா என்று இருக்கிறது. அதைப் போடத் தெரிந்த கை போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது.

தை மாதம் விடியற்காலை பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. கந்தோர் வேலை இல்லை அது. பங்கைச் சேர்ந்த ஒரு ரீச்சர் யாழ்ப்பாணம் போகிறவர், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைப்பதாக ஏற்பாடு. ஸ்டெல்லா புதுச் சட்டையோடு, தகரப் பெட்டியின்மேல் குந்தியிருந்தாள். கோயில் பெருநாளுக்குப் போகிறதாக நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருந்தது.

“போறாய், திரும்பி வருவாய் எண்டு இவளுக்கு எப்பிடிச் சொல்லுறது ஐயா?” என்றார் பிலோமினா.

அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் இருந்த பாஷை அவ்வளவுதான். சோறு, தண்ணீர், நெருப்பு, கிட்டப் போகாதே, அப்பா. அதில் நாள் இல்லை, மாதம் இல்லை, ‘சித்திரை விடுமுறைக்கு’ என்ற சொல் இல்லை. பிலோமினா கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டு கையையும் சேர்த்து வள்ளம்போலக் குவித்து, முன்னால் தள்ளிக் காட்டினார், கடலுக்குப் போகிற மாதிரி. அதே வள்ளத்தைத் திருப்பித் தன் நெஞ்சுக்குக் கொண்டுவந்தார். பிள்ளை தலையாட்டினாள். அவளுக்கு விளங்கியது. வள்ளம் போகும், வள்ளம் வரும். தகப்பன் நாளாந்தம் செய்கிற காரியம். பஸ் வெளிக்கிட்டபோது அவள் அழவில்லை.

ஒரு மாதத்தில் விடுதிப் பொறுப்பாளரிடமிருந்து முதல் கடிதம் என் கந்தோர் முகவரிக்கு வந்தது. பிலோமினாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் அப்படி ஒழுங்கு. சனிக்கிழமை அவர்களுடைய வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தேன். பிள்ளை சுகம். சாப்பிடுகிறாள். நன்றாக எழுதுகிறாள், வகுப்பில் கெட்டிக்காரி. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. வந்த மறுநாளிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாளாக, விடியும் முன் எழும்பி, தகரப் பெட்டியோடு வாசல் கேற்றடியில் போய் நின்றாளாம். ஏனென்று தங்களுக்கு விளங்கவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு விளங்கியது. வள்ளங்கள் விடியத்தான் கரைக்கு வரும்.

“வேற ஒண்டும் எழுதேல்லையோ ஐயா?”

“இல்லை.”

அது நான் கொடுத்த இரண்டாவது பிழையான அறிக்கை. அதற்கு யாரும் கேள்விக்குறி போடவில்லை. பிலோமினாவுக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இப்போதும் இதை எழுதுகிறேன்.

சித்திரையில் ஸ்டெல்லா வந்தாள். என் பெயரைத் தாளில் எழுதிக் காட்டினாள். என் பெயரை அவளிடம் எட்டுத் தரம் யாரும் கத்திச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கைகள் ஓயாமல் கதைத்தன. விடுதியில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசும் கைப்பாஷை. பிலோமினா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளைக்குப் பாஷை வந்திட்டுது ஐயா” என்றார். “எனக்குத்தான் வரேல்லை.”

பிறகு ஸ்டெல்லா தானே கடிதம் எழுதத் தொடங்கினாள். மாதம் ஒன்று. கந்தோர் முகவரி, என் பெயர், உள்ளே ‘அன்புள்ள அம்மாவுக்கு’. பிள்ளைகள் இல்லாத வீட்டுக்காரன் நான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்பதை என் குரலில் சத்தமாக வாசிக்கும் பாக்கியம் எனக்குப் பல வருஷம் கிடைத்தது. தபால் தாமதித்தால் பிலோமினாவுக்கு முன் நான் தபால் பகுதிக்குப் போய் நின்றிருப்பேன். நான் ஓய்வு பெற்ற பிறகு கடிதங்கள் நேரே அவர்களுடைய வீட்டுக்குப் போகின்றன. பக்கத்து வீட்டு மருமகள் வாசித்துக் கொடுக்கிறாளாம். நன்றாக வாசிப்பாளாம். இருக்கட்டும்.

மிஸ் வந்துபோன அடுத்த நாள் உட்துறைமுகக் கரைக்குப் போனேன். பிலோமினா இப்போது மீன் விற்பதில்லை. முழங்கால் விடுவதில்லை. புருஷன் கடலோடு போய்ச் சில வருஷம். வாசலில் ஒரு பழைய கதிரையைப் போட்டுத் தந்தார். ஸ்டெல்லா அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தையல் படிப்பிக்கிறாள். கலியாணம் முடித்து அங்கேயே இருக்கிறாள். வருஷத்தில் ஒருக்கால் மாதா கோயில் பெருநாளுக்கு வந்து மூன்று நாள் நிற்பாள்.

புதிய வகுப்பைப் பற்றிச் சொன்னேன்.

“இஞ்சையோ? பட்டினத்திலயோ?”

“ஓம்.”

“பஸ் ஏறத் தேவையில்லையோ?”

“இல்லை. காலமை போய்ப் பின்னேரம் வீட்டை வரலாம்.”

பிலோமினா எழும்பினார். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த பெருமையில் நான் என் கதையைச் சொல்லத் தொடங்கினேன். நாலு கடிதம். வெண்பாவுக்கு விழுந்த நாலு கேள்விக்குறி. கடைசியில் அந்த மூன்றே வரி. அதற்காக நான் இழந்த மூன்று வருஷ உயர்வு.

முழுவதையும் கேட்டார்.

“அந்த மூண்டு வரிதான் ஐயா என்ர பிள்ளையைக் கொண்டுபோனது” என்றார். “போகத்தான் வேணும். அதுக்குத்தானே நானும் உங்கட கந்தோர் வாங்கில காய்ஞ்சு கிடந்தனான். ஆனா முதல் ஒருக்கால் பிழையா எழுதினனீங்கள் எல்லோ? அதாலதான் அவள் ஆறு வயசிலயே போகாமல் ரெண்டு வருஷம் கூட என்னோட கிடந்தவள். நீங்கள் எழுதினதுக்குள்ள எனக்கு உதவினது அதுதான்.”

நான் வாயைத் திறந்து மூடினேன்.

“இப்ப எதுக்கு வாயைப் பிளக்கிறியள்?” என்றார் பிலோமினா. “தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.”